டவர் கிடைக்காத இடத்தில் பூவாயி

"ஊரே பழைய பாயைக் கொளுத்திக்கிட்டு இருக்கு, நீ என்னடி காலங்காத்தால போனைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஒழிக்கிறேன்."

"போனையா? ஆயுசுல நீ செய்யுற ஒரே நல்ல காரியம்."

"போனுக்குள்ள இருக்கிற குப்பையை. இடம் இல்லை, இடம் இல்லைன்னு ஒரு வாரமா கத்துது."

"அந்த வேகத்துல என்னையும் சேர்த்து ஒழிச்சுடாதே. நானும் பழசுதான்."

"உங்களை அள்ளிட்டுப் போக முனிசிபாலிட்டி லாரி வரணும்."

அந்த முனிசிபாலிட்டியில்தான் பிறப்பு இறப்புப் பதிவில் உட்கார்ந்து எனக்குத் தலை நரைத்தது. அவருக்குக் கரண்ட் ஆபீஸ். இப்போது இருவரும் தலத்தெரு வீட்டில் ஒருவரை ஒருவர் ஒழித்துக்கொண்டு இருக்கிறோம்.

போனில் நோட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் கேஸ் பதிவு செய்த எண், பிரஷர் மாத்திரையின் பெயர், சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு வருகிறேன் என்று சொல்லி நம் வீட்டில் வந்து இறங்கிய சொந்தக்காரர்களின் ரயில் நேரம் எல்லாம் சேர்ந்து கிடந்தன. ஒவ்வொன்றாக அழித்தால் பொங்கலே வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்தேன். பிறகு 'பூவாயி' என்ற ஒன்றை மட்டும் தொட்டு விடுவித்தேன். விடுவித்ததாகத்தான் நினைத்தேன். அழி என்றேன். அழிந்தது. மூலையில் ஒரு குப்பைத்தொட்டிப் படம், அதற்குள் எல்லாம் போய் விழுந்திருந்தன. போகி அன்றைக்குத் தொட்டியில் குப்பையை வைத்துக்கொண்டு மறுநாள் பொங்கல் பானை ஏற்றுவதா? அதையும் காலி செய் என்றேன். திரும்பக் கிடைக்காது, சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன்.

வாசல் தெளித்த மாதிரி சுத்தமாக இருந்தது திரை. அதில் பூவாயியும் இல்லை.

பூவாயி கோட்டுச்சேரிமேட்டு மீன்காரி. முப்பது வருஷத்துக்கு மேல் அலுமினிய அன்னக்கூடையில் மீன் சுமந்துகொண்டு எங்கள் தெருவுக்கு வந்தவள். நகராட்சி ஆபீசை அவள் தலைமுறை இன்னும் பிரெஞ்சுக்காரன் வைத்த பேரில் 'மேரி' என்றுதான் சொல்லும். நான் அங்கே வேலை பார்த்ததால் அவளுக்கு நான் மேரியம்மா. பெரியநாயகி என்ற பெயர் எனக்கு இருப்பதே அவளுக்குத் தெரியுமா என்று சந்தேகம். போன வருஷம் மாசி மகத்துக்கு முந்தின வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை.

அவள் போன பிறகு காலையில் அவள் வரும் நேரத்துக்கு என் வாய் சும்மா இருக்க மறுத்தது. போனில் பேசினால் அதுவே தட்டிக்கொள்ளும் என்று தெரிந்ததும், எனக்கும் அவளுக்கும் நடந்த பேச்சை எல்லாம், நினைவு வர வர, இரண்டு குரலிலும் நானே சொல்லிச் சேர்த்து வைத்தேன்.

"யாரோடடி சண்டை?" என்று முதல் நாள் என் வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"பூவாயியோட."

"அவதான் போயிட்டாளே."

"அதனாலதான் இப்ப நான் ஜெயிக்க முடியும்."

ஜெயிக்க முடியவில்லை. இரண்டு பேர் பங்கையும் நானே பேசினாலும் கடைசி வார்த்தை அவளுடையதாகத்தான் வந்து நின்றது.

"என்ன மீனுடி இது?"

"சங்கரா. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

"சங்கரா செக்கச் செவேல்னு இருக்கும். இது வெளுத்துல்ல கெடக்கு?"

"நீங்க கேட்ட வெலையில வெளுத்துப் போச்சு."

இப்படி ஒன்று. இன்னொரு நாள், "ஐஸ் மீனாடி?" என்று கேட்டேன். "இல்லம்மா, போத்திக்கிட்டுத் தூங்கிட்டு இருந்துச்சு, எழுப்பிக் கூட்டியாந்தேன்" என்றாள். நேற்று வாங்கிய மீன் வாடை அடித்தது என்று நான் சொன்னதற்கு, "நேத்து கிருத்திகை. நீங்க மீனே வாங்கல. வாடை வேற எங்கேருந்து வந்துச்சுன்னு உள்ள போய்ப் பாருங்க" என்று சொல்லி, உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரையும் சேர்த்து இழுத்தாள். இந்த மாதிரி ஒரு வருஷம் போல வளர்ந்துகொண்டே போனது அந்தக் குறிப்பு.

நடுவில் ஒரு நாள் அவள் மகன் ரஞ்சித்குமார் மீன் கொடுக்க வந்தான். விசைப்படகில் போகிறவன். நான் உள்ளே அவன் அம்மா குரலில் பேசிக்கொண்டிருந்தேன். வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

"மேரியம்மா, இதை எனக்கும் குடுங்க" என்றான்.

மறுநாள் அவன் மனைவி தேவிகா வந்து என் போனையும் அவன் போனையும் வைத்துக்கொண்டு என்னவோ இணைத்தாள். கோட்டுச்சேரியில் ஜெராக்ஸ், ஆன்லைன் எல்லாம் பார்க்கிற கடையில் வேலை செய்கிற பெண். "இனிமே நீங்க இங்க ஒரு வரி சேர்த்தா அவரு போன்லயும் வந்துடும்மா. கடலுக்குப் போனா டவர் இருக்காது. ஆனா அதுவரைக்கும் வந்தது போன்லயே நிக்கும், படிச்சுக்குவாரு" என்றாள்.

அவளுக்குத்தான் இப்போது போன் போட்டேன்.

"குப்பைத்தொட்டின்னு ஒண்ணு இருக்கும், அதுல போய்ப் பாருங்கம்மா. ஒரு மாசம் இருக்கும்."

"அதையும் காலி பண்ணிட்டேன்."

"அதை எதுக்கும்மா பண்ணீங்க? யாருமே பண்ண மாட்டாங்களே!"

"போகி அன்னிக்குக் குப்பையை வீட்டுல வச்சுக்குவாளா எவளாவது?"

அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. அவளும் அப்போது வீடு ஒழித்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

"சரி, ரஞ்சித்து போன்ல இருக்கும்ல?" என்றேன். "அவன்கிட்டேருந்து வாங்கிக்கிறேன்."

"அதான் இல்லம்மா. ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் அது. நீங்க இங்க அழிச்சா அங்கயும் அழிஞ்சுடும்."

"அழிஞ்சுடுச்சா?"

"இருங்க... இருங்கம்மா. அவரு கடல்ல இருக்காரு. டவரே கெடையாது. நீங்க அழிச்ச சேதி அந்த போனுக்கு இன்னும் போயிருக்காது. அதுல அத்தை அப்படியே இருக்கும்!"

"எப்ப கரைக்கு வர்றான்?"

"பொங்கலுக்கு வரணும்ல, இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள." அவள் குரல் இறங்கியது. "கரைக்குக் கிட்ட வரும்போது டவர் புடிக்கும்மா. புடிச்ச நிமிசம் போயிடும்."

நான் செருப்பைத் தேடினேன்.

என் வீட்டுக்காரர் ஸ்கூட்டியை உதைத்தார். "ஒரு மீன்காரி பேசினதுக்காக ஒரு கவர்மெண்ட் பென்சனரைத் துறைமுகத்துக்கு ஓட்டுற" என்று வழி முழுக்க முனகினார். ஆனால் கைப்பிடியை முறுக்கிய முறுக்கில் அரசலாற்றுப் பாலம் எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை.

மீன்பிடித் துறைமுகத்தில் படகுக்காரர் சங்கத்துக்கு ஓர் அறை. உள்ளே வயர்லெஸ் பெட்டி. பக்கத்தில் ஒரு கட்டுக் கரும்பு. நாற்காலியில் சிவராமன் என்று ஒருவர், மைக்குக்குப் பொறுப்பு. எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்ற தேவிகா விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தாள். அவருக்குப் புரிந்த மாதிரித் தெரியவில்லை.

"இது காத்து மழை, எஞ்சின் கோளாறுன்னா பேசுற செட்டும்மா. போனை அணைன்னு சொல்றதுக்கு இல்ல."

"போன வாரம் இதுல கிரிக்கெட் ஸ்கோர் சொன்னீங்கல்லண்ணே?" என்றாள் தேவிகா.

"அது நாட்டு விசயம்."

"இது எங்க வீட்டு விசயம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் எப்படி நின்றேனோ தெரியாது, மைக்கை எடுத்து ரஞ்சித் போயிருந்த படகைக் கூப்பிட்டார்.

"முத்துமாரி, முத்துமாரி. கரையிலேருந்து. வாங்க."

பெட்டி இரைந்தது. திரும்பக் கூப்பிட்டார். இரைச்சல்தான். மூன்றாம் முறை வேறு ஒரு குரல் வந்தது.

"கரை, நான் கன்னியம்மா போட்லேருந்து பேசுறேன். முத்துமாரி எனக்குக் கெழக்க கெடக்கு. அவன் செட்டு சரியில்ல, ஒங்க சத்தம் அவனுக்கு எட்டாது. எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிடுறேன்."

தேவிகா மைக்கை வாங்கிக்கொண்டாள். "அண்ணே, நான் ரஞ்சித்து வீட்ல பேசுறேன். அவரு போனை ஆஃப் பண்ணி வைக்கச் சொல்லுங்க. கரை ஏறுற வரைக்கும் ஆன் பண்ணக் கூடாது."

"ஏம்மா? என்ன விசயம்?"

"அதுல எங்க அத்தை பேச்சு இருக்கு. டவர் வந்தா போயிடும்."

பெட்டி மறுபடியும் இரைந்தது.

"தங்கச்சி... ஒங்க அத்தைதான் போன மாசியிலேயே..."

"ஆமாண்ணே."

"நீ நல்லாத்தான இருக்க?"

"அடியே, சீக்கிரம் சொல்லச் சொல்லுடி, டவர் வந்துடப் போவுது!" என்று நான் அவள் பின்னாலிருந்து கத்தினேன்.

"யாரும்மா அது, பின்னால அழுவுறது?"

"அழலண்ணே. அவங்க பேசுறதே அப்படித்தான்."

அதற்குள் வேறு படகுகள் நுழைந்துவிட்டன. எல்லாருக்கும் கேட்கிற அலைவரிசை அது.

"யாருப்பா, பொம்பளைங்க குரலு கேக்குது?"

"ரஞ்சித்து வீட்ல என்னமோ."

"என்னமோன்னா?"

"போனை எடுக்காதேங்குதாம்."

"அய்யய்யோ. யாருக்கு?"

"தெரியலையே. ஒரு பெரியம்மா அழுவுது."

துக்கம் விசாரிக்கிறவர்கள் தெருமுனையில் நின்று ரகசியம் பேசுவதுபோல நடுக்கடலில் பேசிக்கொண்டார்கள். இல்லை, யாருக்கும் ஒன்றும் இல்லை என்று தேவிகா சொல்லிப் பார்த்தாள். யாரும் அவளைப் பேச விட்டால்தானே. கடைசியில் கன்னியம்மா படகுக்காரர் குரல் மட்டும் தனியாக வந்தது.

"சொல்லிட்டேம்மா. கேட்டுக்கிட்டான்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. மைக்கை வச்சுட்டான்."

தேவிகா என் பக்கம் திரும்பினாள். "சரின்னு சொல்லாமயா வச்சாரு?"

"ஏண்டி?"

"அவரு எதுக்கும் சரின்னு சொல்லாம வைக்க மாட்டாரும்மா. 'உப்பு வாங்கிட்டு வாங்க'ன்னா கூட ரெண்டு தரம் சரி சொல்லுவாரு."

சிவராமன் கரும்பு ஒன்றை ஒடித்து நீட்டினார். யாரும் வாங்கவில்லை. வெளியே ஐஸ் உடைக்கிற எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, உள்ளே வராமல், "கிடைச்சானா?" என்று கேட்டார். நான் கையைக் காட்டி அடக்கினேன்.

அப்போது தேவிகாவின் போன் அடித்தது.

அவள் திரையைப் பார்த்தாள். என்னிடம் காட்டினாள். ரஞ்சித்துடைய படம். சட்டைப்பைக்குள் பேனா வைத்துக்கொண்டு ஸ்டூடியோவில் எடுத்தது. அவன் போன் வருகிறது என்றால் அவனுக்கு டவர் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவள் எடுக்கவில்லை, எடுக்காமல் இருந்தால் ஏதோ மிச்சம் இருக்கும் என்பது போல.

"எடு" என்றேன்.

"தேவிகா! என்னாச்சு? யாருக்கு என்ன? மாமாவுக்கா?" என்று அவன் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"யாருக்கும் ஒண்ணும் இல்லங்க. எல்லாரும் நல்லா இருக்கோம். போனை ஏன் ஆன் பண்ணீங்க?"

"பண்ணாதேன்னு சேதி வந்தா பண்ணாம எப்படிடி இருக்கிறது? எனக்குக் கையி காலு ஓடல."

"அந்த நோட்ஸைத் தொறந்து பாருங்க. அத்தை இருக்கான்னு பாருங்க."

"எதை? மேரியம்மா குடுத்ததா? இருக்கும்..." கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். "இருக்கு. இந்தா இருக்கு. இரு... இப்ப இருந்துச்சு."

பிறகு மறுபடியும் சொன்னான். "இப்பத்தான்டி இருந்துச்சு."

எனக்கு வீட்டுக்குப் போகணும் என்று தோன்றியது. தேவிகா விடவில்லை. "அவரு வர்ற வரைக்கும் இருங்கம்மா. நான் மட்டும் எப்படிச் சொல்லுவேன்?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரரைப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, ஏலம் போடும் கொட்டகை நிழலில் உட்கார்ந்தோம்.

"நெனவு இருக்கிறதை இப்பவே சொல்லுங்கம்மா, நான் தட்டுறேன்" என்றாள்.

சொல்லிப் பார்த்தேன். சுனாமி வந்து போன பிறகு பூவாயி முதல் தடவை எங்கள் வாசலுக்கு வந்த நாள். அதை எப்படி மறப்பேன்? கூடை இல்லாமல் வந்தாள். வெறும் தலையோடு அவளைப் பார்த்தபோது எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை.

"மீன் இல்லாம எதுக்குடி வந்த?" என்றேன்.

"பழக்கம். காலு தானா வந்துடுச்சு" என்றாள்.

நான் காபி கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தபடி ஒன்று சொன்னாள். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, முந்தானையால் முகத்தையும் மூடிக்கொண்டேன். நோட்ஸில் அதை அவள் குரலிலேயே சொல்லி வைத்திருந்தேன். இப்போது அந்த இடத்துக்கு வந்தால் டம்ளர் மட்டும் நிற்கிறது. என்ன சொன்னாள்? போனிடம் கொடுத்துவிட்ட தைரியத்தில் மனசு கையை விட்டுவிட்டது. கொடுக்காமல் இருந்திருந்தால் நானே சுமந்திருப்பேன்.

"பரவால்லம்மா, அப்புறமா வரும்" என்றாள் தேவிகா.

வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

வெயில் சாயும்போது முத்துமாரி முகத்துவாரத்துக்குள் திரும்பியது. கயிறு போடும் முன்பே ரஞ்சித் குதித்து வந்து தேவிகாவைத் தலை முதல் கால் வரை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"என் கையிலதான் போச்சு மேரியம்மா" என்றான்.

"என் கையிலடா. உன் கைக்கு வந்தது மிச்சம்தான்."

"சும்மா இருந்திருந்தீங்கன்னா..."

"சும்மா இருந்தாலும் கரைக்கு வரும்போது போயிருக்கும்ங்க" என்றாள் தேவிகா.

அவன் படகுக்குத் திரும்பி ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தான். மூடி விழுந்த சத்தம் எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

படகின் டிரைவர் கீழே இறங்கினார். முகைதீன் பிச்சை என்று பெயர். நாகூர்க்காரர். நரைத்த தாடி, கழுத்தில் துண்டு.

"ஆஃப் பண்ணுன்னு சேதி வந்ததும் இவன் என்ன செஞ்சான் தெரியுமாம்மா? வீல்ஹவுஸ் கூரை மேல ஏறி நின்னு, கைய ஒசத்திப் புடிச்சுக்கிட்டு டவர் தேடுறான். விழுந்து தொலையப் போறான்னு நான் கீழேருந்து காலைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்." சொல்லிக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தார். "மேரியம்மான்னா நீங்கதானா? கொசுறு கேக்குற அம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதை யாரு உங்களுக்குச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? தெனம் அஸர் தொழுகைக்கு அப்புறம் போட்ல அதான் எங்களுக்கு வேலை. இவன் படிப்பான். அப்புறம் படிச்சது போதும்னு ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்கிட்டோம். இவன் நீங்க. நான் பூவாயி."

"நீங்களா? தாடியோடயா?"

"அதுக்கென்னம்மா, தாடிக்கு மேலதான வாய் இருக்கு?"

துண்டை உருவிச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தார். ஒரு கையை இடுப்பில் ஊன்றினார். அந்த ஊன்றலை நான் எங்கும் எழுதவில்லை. ரஞ்சித் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பூவாயி இடது பக்கம்தான் ஊன்றுவாள்.

"கூடையை எறக்கி விடுறீங்களா, இல்ல நான் இப்படியே நின்னு செலையாப் போயிடவா?" என்றார் பாய்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்திருந்த ரஞ்சித், நிமிராமலே என் பங்கைச் சொன்னான்: "நீ செலையானா கொசுறு யாருடி தர்றது?"

"செலைக்கு நீங்கதான் மாலை போடணும். அதுலயும் ஒரு முழம் கொசுறு வாங்கிப் போடுவீங்க."

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பின்னால் யாரோ இருமினார்கள். என் வீட்டுக்காரர் திரும்பி வந்து நின்றிருந்தார்.

"இவங்கதான் ஐயாவா?" என்றார் பாய். "ஒங்க பாகத்தை ஐஸ் ஒடைக்கிற பையன் செய்யுறான்."

"எனக்கு என்ன வசனம்?" என்று ஆவலாகக் கேட்டார் அவர்.

"ஒண்ணே ஒண்ணுதான். 'நாயகி, காப்பி ஆறிப்போச்சு.'"

"அவ்வளவுதானா? முப்பது வருசமா?"

"வேற என்ன பேசினீங்க?" என்றேன்.

பாய்க்குச் சூடு பிடித்துவிட்டது. சங்கரா வெளுத்த கதையைச் சொன்னார். கிருத்திகைக் கதையைச் சொன்னார், அதில் பாதியை மாற்றி. சில இடங்களில் நான் திருத்தினேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க போட்ல இப்படித்தாம்மா" என்றார். பல இடங்கள் அவருக்கும் நினைவில்லை. சுனாமி வந்த கதையை அவர்கள் நடித்ததே கிடையாதாம். அதைப் படித்தால் ரஞ்சித் எழுந்து போய்விடுவானாம்.

பிறகு பாய் ஒன்று சொன்னார்: "இந்தத் தெருவுல எல்லார் வீட்டுலயும் மீனை மோந்து பாக்குறாங்க, நீங்க மட்டும்தாம்மா என்னை மோந்து பாக்குறீங்க."

"இருங்க இருங்க" என்றேன். "இதை நான் எழுதலையே. இதை அவ என்கிட்ட சொல்லவும் இல்லை."

பாய் தாடியைச் சொறிந்துகொண்டு ரஞ்சித்தைக் காட்டினார். "அவன்தான் சேத்தான்."

ரஞ்சித் கையைத் துடைத்துக்கொண்டு கரைக்கு வந்தான். "சேக்கல மேரியம்மா. அது அம்மா வீட்ல சொன்னது."

"வீட்லயா?"

"நீங்க எழுதினது ஒங்க வாசல்ல நடந்தது. அது முடிஞ்சு எங்க வீட்டுக்கு வந்து இன்னொரு தரம் நடக்கும்ல. சோறு போட்டுக்கிட்டே அம்மா சொல்லும். ரெண்டு பேரு மாதிரியும் பேசும்."

"என்னை மாதிரியா?"

"தெனம்."

நான் தேவிகாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். "நானும் கேட்டிருக்கேம்மா. கல்யாணமாகி வந்த புதுசுல, ஒங்களைப் பாக்குறதுக்கு முன்னாலயே ஒங்க குரலு எனக்குத் தெரியும்."

"எப்படிப் பேசுவா? சொல்லு."

"வேணாம் மேரியம்மா. கோவிச்சுக்குவீங்க."

"ஒரு வருசமா உங்கம்மா எனக்கு ஒண்ணும் சொல்லலடா. நீயாவது சொல்லு."

அவன் கழுத்தை நீட்டி, கண்ணை இடுக்கி, மூக்கால் ஒரு குரலை எடுத்தான். பூவாயி அல்ல, நான். பூவாயி வாய் வழியாக நான்.

"'ஏண்டி பூவாயி, இது எப்பப் புடிச்ச மீனு? எந்த எடத்துல? கூட யாரு இருந்தா?'ங்குது மேரியம்மா. ஆபீசுல புள்ளைக்குப் பொறந்த தேதி கேட்டே பழகிப்போச்சு அதுக்கு. மீனுக்கும் சர்டிபிகேட்டு வேணுமாம். 'ரெண்டு சாட்சியோட வர்றேன், நாளைக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க'ன்னுட்டு வந்தேன்."

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். "அப்படியே இருக்குடா! அப்படியே!" என்று ரஞ்சித்தின் முதுகில் தட்டினார்.

எனக்கு அந்தக் குரல்தான் காதில் நின்றது. நாற்பது வயதில் நான் அப்படித்தான் பேசியிருப்பேன். அவசரமாக, ஆபீசுக்கு நேரமாகிவிட்ட தோரணையில், தலை ஈரத்தோடு வாசலில் நின்றுகொண்டு. அந்தப் பெண்பிள்ளையை நானே மறந்துபோயிருந்தேன். காலிக் கூடையோடு திரும்பிப் போனவள் அவளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள், கோட்டுச்சேரிமேடு வரைக்கும், சோற்றுத் தட்டு வரைக்கும்.

"இன்னும் என்னடா சொல்லுவா?" என்றேன்.

"நெறைய இருக்கு மேரியம்மா. நீங்க ஒரு தரம் திருக்கை வாங்கிட்டு சமைக்கத் தெரியாம..."

"அதையும் சொன்னாளா!"

"அதைத்தான் தெருவுல எல்லாருக்கும் சொல்லுச்சு. இருங்க, மீனு இன்னும் பெட்டியில கெடக்கு. எறக்கிட்டு வந்து சொல்றேன்."

அவன் படகுக்குப் போனான். நான் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். சேலையில் ஈரம் ஏறியது.

"கெளம்பலாமா?" என்றார் என் வீட்டுக்காரர். "வீட்டுல பாதி பரண் கீழே கெடக்கு. மாவிலை கட்டல. கோலமாவு வாங்கல. நாளைக்குப் பொங்கல்."

"நீங்க போங்க."

"நீ எப்ப வருவ?"

"அவ பேசி முடிக்கட்டும்" என்றேன்.